விழிஞ்ஞத்துக்குக் கணக்குப் போட்ட திவான்

விழிஞ்ஞத்தில் 2024 ஜூலை 11-ந் தேதி 'சான் பெர்னாண்டோ' என்ற ராட்சத சரக்குக் கப்பல் வந்து நின்றது. 2025 மே 2-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இந்தக் கரையில் பெரிய துறைமுகம் கட்டலாமா என்று ஆராயச் சொன்ன முதல் சர்க்கார் இன்று நேற்று வந்தது அல்ல. 1940-களில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தான சர்க்கார்தான் அது. அதை நடத்திய திவான் ஒரு தமிழர். வட ஆற்காடு வந்தவாசியில் பிறந்தவர். பெயர் சர் சி.பி. ராமசாமி அய்யர்.

இந்தப் பெயரை இங்குள்ள மலையாள நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். வயதானவர்களாக இருந்தால் புன்னப்புரா, வயலார் என்று ஆரம்பித்து விடுவார்கள். நம்மவர்களிடம் சொன்னால், பஸ் விட்டவர், மின்சாரம் கொண்டு வந்தவர், தொழிற்சாலை வைத்தவர் என்று ஒரு பட்டியல் வரும். சாலைக் கம்போளத்திலும் கரமனையிலும் டீக்கடை பெஞ்சுகளில் இந்த வழக்கு 70, 80 வருஷமாகத் தீர்ப்பில்லாமல் நடக்கிறது. இரண்டு பக்கமும் சொல்வது உண்மை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

சேத்துப்பட்டுக் குடும்பம்

சி.பி. என்ற இரண்டு எழுத்தில் முதல் எழுத்து சேத்துப்பட்டைக் குறிக்கும். இரண்டாவது தகப்பனார் பட்டாபிராம அய்யரின் பெயர். 1879 நவம்பர் 12-ந் தேதி பிறந்தார். சென்னை வெஸ்லி பள்ளிக்கூடத்திலும் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்து, சட்டக் கல்லூரியில் தேறி, 1903-ல் வக்கீலானார். சில வருஷங்களிலேயே சென்னை ஹைகோர்ட்டில் முன்வரிசை வக்கீல்களில் ஒருவர் என்று பெயர் வந்துவிட்டது. ஜே. கிருஷ்ணமூர்த்தியை வளர்க்கும் உரிமை பற்றிய பிரபல வழக்கில் அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எதிராக, பையனின் தகப்பனார் பக்கம் நின்று வாதாடினார். பிறகு அதே அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்து அவருக்கு வலது கையாக இருந்தார். காங்கிரசின் காரியதரிசிகளில் ஒருவராகவும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். காந்திஜியின் ஒத்துழையாமை வந்ததும் அந்தப் பாதை வேண்டாமென்று விலகி சர்க்கார் பக்கம் போனார். 1920-ல் சென்னை அட்வகேட் ஜெனரல். 1923-ல் கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட மெம்பர். அந்தக் காலத்தில் மெம்பர் என்றால் இன்றைய மந்திரி மாதிரி. நீர்ப்பாசனம், மின்சாரம், துறைமுகம் எல்லாம் அவர் கையில் வந்தன.

1923-லிருந்து 1928 வரை அவர் இருந்த இந்த ஐந்து வருஷத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பின்னால் திருவனந்தபுரத்தில் செய்ததற்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது. 1924-ல் மைசூருடன் காவிரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1925-ல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. நீலகிரியில் பைக்காரா அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு உள்ளேயே எதிர்ப்பு இருந்தும் சி.பி. விடாமல் நின்றார். 1930-களில் அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கியது. கோவை மில்கள் அவ்வளவு பெருகியதற்கு அது பெரிய காரணம். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்திப் பெரிதாக்கும் வேலைக்கு சென்னை சர்க்கார், கொச்சி சமஸ்தானம், திருவிதாங்கூர், இந்திய சர்க்கார் ஆகிய நாலு பேரும் 1925-ல் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதிலும் சென்னைத் தரப்பில் சி.பி. இருந்தார்.

மலையில் தண்ணீரைத் தேக்கு, மின்சாரம் எடு, அதை வைத்துத் தொழிற்சாலை வை, சரக்கு வெளியே போக ரோடும் துறைமுகமும் போடு. இதுதான் அவர் போட்ட கணக்கு. ஒரு ஜில்லாவைத் தனியாகப் பார்க்காமல் மலை முதல் கடல் வரை ஒரே வரைபடமாகப் பார்த்தார். இப்போது இதைப் பிராந்தியத் திட்டம் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பெயர் கிடையாது. இந்தியாவில் திட்டக் கமிஷன் வந்ததே 1950-ல்தான்.

திருவிதாங்கூருக்கு வந்தார்

1931 நவம்பரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 19. சி.பி. அவருக்குச் சட்ட ஆலோசகராக வந்தார். இடையில் டில்லியில் வைசிராயின் சபையிலும் வேலை பார்த்தார். 1936 அக்டோபரில் திவானானார். 60 லட்சம் ஜனங்கள் உள்ள சமஸ்தானத்துக்கு அடுத்த 11 வருஷம் அவர்தான் எல்லாம்.

பதவிக்கு வந்து ஒரு மாதம் கழித்து, 1936 நவம்பர் 12-ந் தேதி கோவில் நுழைவுப் பிரகடனம் வெளியாயிற்று. பத்மநாபசுவாமி கோவில் உள்பட சமஸ்தானத்துக் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே 1924-ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்த நாடு இது. அந்தச் சத்தியாக்கிரகத்துக்கு ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து சிறை போனதை நம் வாசகர்கள் அறிவார்கள். பிரகடனம் மகாராஜாவின் பெயரால் வந்தது. எழுத்தும் சட்ட வேலையும் சி.பி.யுடையது. மதராஸ் மாகாணத்தில் இதற்கு ஈடான சட்டம் வர இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. 1944-ல் சமஸ்தானத்தில் தூக்குத் தண்டனையையும் எடுத்தார்கள்.

1937-ல் திருவிதாங்கூர் சர்வகலாசாலை ஏற்பட்டது. முதல் துணைவேந்தர் சி.பி.யே. இன்றைய கேரளப் பல்கலைக்கழகம் அதுதான். 1938 பிப்ரவரி 20-ந் தேதி சர்க்கார் பஸ் ஓட ஆரம்பித்தது. லண்டனில் பஸ் போக்குவரத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்ற வெள்ளைக்காரரைக் கூட்டி வந்து சூப்பிரண்டாகப் போட்டிருந்தார்கள். முதல் பஸ்ஸை அவரே ஓட்ட, மகாராஜா குடும்பத்தோடு ஏறிப் போனார். மறுநாள் முதல் ஜனங்களுக்கு விட்டார்கள். முதலில் சர்க்கார் எடுத்துக்கொண்ட தடம் எது தெரியுமா? திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற தடம். அதாவது நம்முடைய தடம். நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் வழியாகப் போகும் அந்த ரோட்டை சிமெண்ட் கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தினார்கள். நாகர்கோவிலுக்கு ரயில் 1979-ல்தான் வந்தது. ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நான் இதைச் சொல்லக் கூடாது என்றாலும், தெற்கே நாற்பது வருஷம் ஜனங்களைச் சுமந்தது பஸ்தான்.

பள்ளிவாசல் மின்சாரம்

1940 மார்ச்சில் மூணாறுக்குப் பக்கம் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கேரளத்தில் அதுதான் முதல். சுற்றிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறிய தமிழர்கள்.

மின்சாரம் வந்ததும் ஆலைகள் வந்தன. ஆலைகள் எங்கே வைக்கப்பட்டன என்பதைக் கவனித்தால் மனிதரின் மூளை தெரியும். ஆலுவாய்ப் பக்கம் பெரியாறு இருக்கிறது, பள்ளிவாசல் கம்பி வருகிறது, ரயில் இருக்கிறது, காயல் வழியாகப் படகில் கொச்சித் துறைமுகத்துக்குப் போகலாம். ஆகவே அலுமினியம் உருக்கும் ஆலை 1943-ல் அங்கே வந்தது. பக்கத்தில் ஏலூரில் 'ஃபாக்ட்' உரத் தொழிற்சாலை. அதைக் கட்டி நடத்த வந்தவர்கள் திருச்சி சேஷசாயி சகோதரர்கள். 1943-ல் கம்பெனி பதிவாகி, 1947-ல் அமோனியம் சல்பேட் வெளியே வந்தது. நிலக்கரி கிடையாது என்பதால் விறகை எரித்து வாயு எடுத்து உரம் செய்தார்கள். இதைக் கேட்டுச் சிரித்த எஞ்சினீயர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் யுத்த காலத்தில் கையில் இருப்பதை வைத்துத்தானே சமையல்?

குண்டறையில் நல்ல களிமண் உண்டு. அங்கே பீங்கான் ஆலை. கொல்லம் கரையில் கறுப்பு மணலில் இல்மனைட் உண்டு. அதிலிருந்து வெள்ளைச் சாயப்பொடி எடுக்கத் திருவனந்தபுரம் கொச்சுவேளியில் டைட்டானியம் ஆலை. வேம்பநாட்டுக் காயலில் வெள்ளைக் கிளிஞ்சல் உண்டு. கோட்டயத்துக்குப் பக்கம் நாட்டகத்தில் சிமெண்ட் ஆலை. பெரும்பாவூரில் ரேயான் ஆலை. அதை ஆரம்பித்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இந்த ஆலைகளில் பின்னால் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் பிழைத்தன என்பது ஏலூரிலும் குண்டறையிலும் இருக்கிற நம்மவர்களுக்கே தெரியும்.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே சொன்ன ஆலைகள் எல்லாம் திருவனந்தபுரமும் அதற்கு வடக்கேயும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்களுக்குக் கிடைத்தது ரோடும் பஸ்ஸும். திவான் தமிழர் என்பதால் தமிழருக்குத் தனிச் சலுகை வந்துவிடவில்லை.

அதே மாதிரி இன்னொன்று. பெரியாறு அணைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தனக்கு உரிமை உண்டு என்று சென்னை சர்க்கார் கேட்டது. 1886 குத்தகை பாசனத்துக்கு மட்டும்தான், மின்சாரத்துக்கு இல்லை என்று சி.பி. சர்க்கார் சொன்னது. நடுவர்கள் இருவரும் ஒத்துப்போகாமல், சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி முன் வழக்கு போயிற்று. 1941 மே 12-ந் தேதி திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சென்னைக்காக மேட்டூருக்கும் பைக்காராவுக்கும் பாடுபட்ட அதே சி.பி.யின் சர்க்கார்தான், பெரியாற்றில் சென்னையை மடக்கியது. வக்கீல் புத்தி என்று சொல்லலாம். உண்ட வீட்டுக்கு உழைத்தார் என்றும் சொல்லலாம். 1970-ல் இரு மாநில ஒப்பந்தம் வந்த பிறகுதான் அந்த மின்சார விவகாரம் ஒழுங்குக்கு வந்தது.

விழிஞ்ஞம்

இந்தக் கணக்கில் கடைசி வரிதான் விழிஞ்ஞம். திருவிதாங்கூருக்கு நீண்ட கடற்கரை இருந்தும், பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்கச் சொந்தத் துறைமுகம் கிடையாது. ஆலப்புழையில் கப்பல் தூரத்தில் நிற்கும். படகில்தான் சரக்குப் போகும். கொச்சியில் பங்குதான் உண்டு. விழிஞ்ஞத்தில் கரையை ஒட்டியே கடல் 18 முதல் 20 மீட்டர் வரை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்தில். ஆய் மன்னர்கள் இதைத் தலைநகராக வைத்திருந்ததும், பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்ததும் காரணம் இல்லாமல் இல்லை.

1940-களின் நடுவில் சி.பி. சர்க்கார் இங்கே ஆராய்ச்சி நடத்தியது. சுதந்திரம் வந்தது; திவான் போனார்; காகிதம் கட்டுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. மீன்பிடித் துறைமுகம் வந்தது. பெரிய துறைமுகத்துக்கு டெண்டர் மேல் டெண்டராக வந்து, 2015 ஆகஸ்டில் அதானி கம்பெனியோடு ஒப்பந்தமாகி, டிசம்பரில் வேலை தொடங்கியது. கடலில் கொட்ட வேண்டிய பாறைக்கல்லில் கணிசம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளை உடைத்து வந்தது. லாரி ஓட்டியவர்களிலும் கல் உடைத்தவர்களிலும் இதைப் படிப்பவர்கள் இருக்கலாம்.

2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மீனவர்கள் துறைமுக வாசலில் உட்கார்ந்தார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது, எங்களைக் கேட்டு எதுவும் செய்யவில்லை என்பது அவர்கள் கட்சி. நவம்பர் 27-ந் தேதி இரவு விழிஞ்ஞம் போலீஸ் ஸ்டேஷன் தாக்கப்படுகிற அளவுக்கு அது முற்றியது. துறைமுகத்துக்கு எதிரான எல்லா வாதமும் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் திட்டம் மேலே போடப்படுகிறது, கீழே இருப்பவனுக்குச் செய்திதான் வருகிறது என்ற அந்தக் குறை சி.பி. காலத்திலேயே இருந்தது.

அதிகாரம் யார் கையில்?

சி.பி.யின் குறை இங்கேதான். மின்சாரத்தைச் சமஸ்தானம் முழுவதும் பரப்பினார், அதிகாரத்தைப் பரப்பவில்லை.

சட்டசபை இருந்தது. 1932-ல் இரண்டு சபையாகவே ஆக்கினார்கள். ஆனால் மந்திரிகள் கிடையாது, திவான்தான். ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சபையிலும் உத்தியோகத்திலும் தங்களுக்குப் பங்கு இல்லையென்று நிவர்த்தனக் கிளர்ச்சி செய்து, அதில் பேசிய சி. கேசவன் 1935-ல் சிறைக்குப் போனார். கீழ்மட்டத்தில் சி.பி. செய்த ஒரு நல்ல காரியம், 1940-ல் திருவனந்தபுரம் முனிசிபாலிட்டியைக் கார்ப்பரேஷன் ஆக்கியது. அவரே சென்னை கார்ப்பரேஷனில் உட்கார்ந்து பழகியவர் ஆயிற்றே. ஆனால் ரோடு, விளக்கு, சாக்கடை என்ற எல்லையைத் தாண்டி உள்ளூர்க்காரனுக்கு அவர் எதையும் விடவில்லை.

1938-ல் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் ஸ்டேட் காங்கிரஸ் ஏற்பட்டது. பொறுப்பாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். திவான் தடை போட்டார். ஆகஸ்ட் 31-ந் தேதி நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே வருஷம் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் முறிந்தது. அதை நடத்தியவர்களை சென்னையிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். மலையாள மனோரமா பத்திரிகை பூட்டப்பட்டது. பாங்கில் தவறே நடக்கவில்லையா என்பது வேறு கேள்வி. காங்கிரசுக்குப் பணம் கொடுத்தவர்களை நசுக்கவே திவான் இதைச் செய்தார் என்று ஜனங்கள் நம்பினார்கள். அவர் அதை மாற்ற முயற்சி செய்ததாகத் தெரியவில்லை. பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில், பத்திரிகை ஆபீசைப் பூட்டிய ஆட்சியை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் மறைக்கக் கூடாது. பரதேசிப் பிராமணர்கள் வந்து பெரிய உத்தியோகங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை இங்கே பழையது. 1891-லேயே மலையாளிகள் திரண்டு மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். சி.பி.யின் மேல் வந்த கோபத்தில் இந்தப் பழைய புகைச்சலும் கலந்திருந்தது. வெளியூரில் பிழைக்கிறவன் எவ்வளவு நல்லது செய்தாலும், ஊர்க்காரனைக் கேட்காமல் செய்தால் கோபம் இரட்டிப்பாகும். நாம் எல்லோரும் வெளியூரில் இருக்கிறவர்கள்தான்.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூர் தன் சாப்பாட்டுக்கு வேண்டிய நெல்லில் பாதிகூட விளைவிக்காத நாடு. சமஸ்தானம் முழுவதும் ரேஷன் கொண்டுவந்தார்கள். வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்த அந்த நேரத்தில் இங்கே அந்த அளவுக்குப் போகாமல் நிறுத்தியதில் நிர்வாகத்துக்குப் பங்கு உண்டு. ஆனாலும் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளிக்கும் சேர்த்தலை வயல் கூலிக்கும் அரை வயிறுதான்.

1946 ஜனவரியில் திவான் ஒரு புது அரசியல் சட்டத்தை அறிவித்தார். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு. இரண்டு சபையும் உண்டு. ஆனால் நிர்வாகம் திவானிடம் இருக்கும், சபையால் அவரை அசைக்க முடியாது. அமெரிக்க ஜனாதிபதி முறையைப் பார்த்துச் செய்தது என்பதால் அமெரிக்க மாதிரி என்று பெயர். அமெரிக்காவில் ஜனாதிபதியை ஜனங்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். திவானை மகாராஜா நியமிக்கிறார். இந்த வித்தியாசம் கயிறு திரிக்கிறவனுக்கும் புரிந்தது. அமெரிக்க மாதிரியை அரபிக்கடலில் எறி என்று ஊர்வலம் போனார்கள். கம்யூனிஸ்டுகள் முன்னால் நின்றார்கள். அக்டோபர் 24-ந் தேதி புன்னப்புராவில் போலீஸ் முகாமைத் தொழிலாளர்கள் தாக்கினார்கள். இரு தரப்பிலும் ஆள் செத்தது. மறுநாள் ராணுவச் சட்டம். 27-ந் தேதி வயலாரில் பட்டாளம் சுட்டது. தொழிலாளர் கையில் இருந்தது பாக்கு மரத்தைச் சீவிய ஈட்டி. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் இன்றுவரை கணக்குகள் ஒத்துவரவில்லை. சில நூறு என்பார்கள். ஆயிரத்துக்கு மேல் என்பார்கள்.

தனி நாடு

1947 ஜூன் 11-ந் தேதி, ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் அறிவித்தார். பாகிஸ்தானுக்கு ஒரு வர்த்தகப் பிரதிநிதியையும் நியமித்தார். சவறையிலும் மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கும் மணலில் மோனசைட் இருக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. அணுசக்திக் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். மின்சாரம், உரம், துறைமுகம், தோரியம் எல்லாம் இருக்கும்போது ஏன் தனியாக நிற்கக் கூடாது என்று நினைத்திருப்பார். தெற்குத் தாலுகாக்களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலையெடுத்து, தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. தனி நாடு ஆகியிருந்தால் அந்தக் கோரிக்கையின் கதி என்ன ஆகியிருக்கும்?

ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரம் இசைக் கல்லூரியில் விழா. திவான் கிளம்பும் நேரம் விளக்கு அணைந்தது. இருட்டில் ஒருவர் அரிவாளால் வெட்டினார். முகத்திலும் கழுத்திலும் காயம். வெட்டியவர் சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி. அம்பலப்புழையில் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழன், மலையாளி என்று பிரித்து இந்தச் சரித்திரத்தைப் பேசுகிறவர்கள் இந்த ஒரு தகவலை ஞாபகத்தில் வைக்கலாம். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதம் தெரிவித்தார். ஆகஸ்ட் 19-ந் தேதி சி.பி. பதவி விலகி ஊரை விட்டுப் போனார். வழுதக்காட்டில் அவர் வசித்த பக்தி விலாசம் பின்னால் ஆல் இந்தியா ரேடியோ நிலையம் ஆயிற்று.

அவருக்குப் பின் வந்தவர்கள் ஆலைகளை வைத்துக்கொண்டு ஆட்சி முறையை மாற்றினார்கள். 1950-ல் திருவிதாங்கூர்-கொச்சிப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி நாலு தெற்குத் தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 1957-ல் முதல் மந்திரியான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு நிர்வாகச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தானே தலைவராக இருந்து, பஞ்சாயத்துக்கு அதிகாரம் தரும் வழியைப் பார்த்தார். 1996 ஆகஸ்டில் தொடங்கிய ஜனகீயத் திட்டத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். கிராம சபையில் எழுந்து எங்கள் தெருவுக்கு இது வேண்டும் என்று கேட்கிற வழக்கம் அப்போது பரவியது. ரேஷன் கார்டு மாற்றி இங்கே ஓட்டு வாங்கிய நம்மவர்கள் சிலரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். விழிஞ்ஞத்துக்கும் ஒரு பஞ்சாயத்து இருந்தது. 2010-ல் அதைத் திருவனந்தபுரம் கார்ப்பரேஷனோடு சேர்த்து விட்டார்கள். துறைமுக ஒப்பந்தம் வந்தபோது கையெழுத்துப் போட அங்கே பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகந்தான்.

சி.பி. சும்மா இருக்கவில்லை. 1950-களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். நேரு சர்க்கார் 1960-ல் இந்து அறநிலையங்களை ஆராயும் கமிஷனுக்குத் தலைவராகப் போட்டது. பிறகு, தேசிய ஒருமைப்பாட்டுக் கவுன்சில் பிராந்திய வாதத்தைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி வைத்தது. தலைவர் யார்? தனி நாடு அறிவித்த அதே சி.பி. அந்தக் கமிட்டி கொடுத்த யோசனைப்படிதான் 1963-ல் அரசியல் சட்டம் 16-வது முறையாகத் திருத்தப்பட்டது. தேர்தலில் நிற்பவர்கள் இந்தியாவின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பது அதில் வந்தது. அந்த வருஷமே தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1947-ல் அவர் பேசியதை ஞாபகம் வைத்திருந்தவர்கள் திருவனந்தபுரத்தில் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1966-ல் எழுத்து வேலையாக லண்டன் போனார். வயது 86. செப்டம்பர் 26-ந் தேதி அங்கே நேஷனல் லிபரல் கிளப்பில், நிருபர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கும்போது தலை சாய்ந்தது. சென்னை ஆழ்வார்பேட்டையில் அவர் வசித்த 'தி குரோவ்' பங்களாவில் அவர் பெயரால் ஒரு அறநிலையம் நடக்கிறது.